குடும்பம் நடக்கிற வீட்டுக்குள் ஓர் ஆபீஸ்: இடம் பார்ப்பதிலிருந்து கரண்ட், இணையம் வரை முழுமையான வழிகாட்டி

வீட்டிலிருந்து வேலை என்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் போவது நாற்காலிக் கடைக்கு. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு மேல் இந்த வீடு யாருடையது?

நாம் ஆபீஸ் போய்வந்த காலத்தில் பகல் வீடு சும்மா கிடக்கவில்லை. எல்லோரையும் அனுப்பிவிட்டு அம்மாவோ மாமியாரோ காபி டம்ளரோடு உட்காரும் நேரம் அது. துணி துவைப்பது, மாவு அரைப்பது, மத்தியானச் சீரியல், சாப்பிட்டுவிட்டு ஹால் ஃபேனுக்கு அடியில் ஒரு சின்னத் தூக்கம் என்று அந்த வீட்டுக்கு ஒரு நடை இருந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அதற்குள் நுழைந்தோம். அன்று தற்காலிகம் என்றுதான் டைனிங் டேபிளில் உட்கார்ந்தோம். இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டு வேலை என்பது பல கம்பெனிகளில் நிலைத்துவிட்டது. ஃப்ரீலான்ஸ் செய்பவர்களுக்கு ஏழு நாளும் அதுதான். ஆனால் உட்காரும் இடம் மட்டும் இன்னும் தற்காலிகமாகவே இருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் 800, 900 சதுர அடியில் இரண்டு படுக்கையறை உள்ள ஃபிளாட்டில் நான்கைந்து பேர் சேர்ந்து வாழும் குடும்பங்களை மனதில் வைத்து. தனி அறை ஒதுக்க முடிந்தவர்களுக்கு இதில் பாதி வேலை மிச்சம்.

படி 1: வீட்டின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். ஒரு தாளில் காலை 6 முதல் இரவு 11 வரை மணி போட்டு, ஒவ்வொரு மணிக்கும் வீட்டில் எங்கே என்ன நடக்கிறது என்று குறியுங்கள். குக்கர், மிக்ஸி, மோட்டார், தண்ணீர் லாரி, ஒலிபெருக்கி கட்டிய காய்கறி வண்டி, வேலைக்கு வரும் அக்கா, பள்ளி வேன், அப்பாவின் செய்திச் சேனல். கிரைண்டர் தனி ரகம். ஓடத் தொடங்கினால் அரை மணி நேரத்துக்கு மேல் விடாது. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள்தான், அதையும் நேரம் மாற்றிப் போட முடியும்.

பக்கத்திலேயே உங்கள் வேலையையும் எழுதுங்கள். எது பேச வேண்டிய வேலை, எது தலையைக் குனிந்து செய்ய வேண்டிய வேலை, எது யார் குறுக்கே வந்தாலும் நடந்துவிடும் வேலை என்று மூன்றாகப் பிரியுங்கள். இரண்டு பட்டியலையும் ஒன்றாக வைத்தால் எங்கே இடிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான வீடுகளில் நாள் முழுக்கப் பிரச்சினை இருக்காது. காலை 9 முதல் 10 வரையிலும், பிள்ளைகள் திரும்பும் நாலு மணியை ஒட்டியும், இரவு சீரியல் நேரத்திலும்தான் மோதல்.

அமெரிக்காவோடு வேலை செய்பவர்கள் ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும். நியூயார்க்கில் காலை 10 மணி மீட்டிங் என்றால், மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கு இரவு 7.30. அதன்பிறகு அதே மீட்டிங் 8.30-க்குத் தள்ளிப் போகும். முந்தையது பிள்ளைகளின் வீட்டுப்பாட நேரம், பிந்தையது சாப்பாட்டு நேரம். வருஷத்துக்கு இரண்டு முறை வீட்டு ஏற்பாட்டை மாற்ற வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது.

படி 2: இடம்

படுக்கையறையின் ஒரு மூலைக்குத்தான் என் ஓட்டு. கதவு இருக்கிறது, பகலில் அந்த அறையை அதிகம் யாரும் பயன்படுத்துவதில்லை. குறை என்னவென்றால், இரவு மீட்டிங் இருந்தால் கூட இருப்பவரின் தூக்கம் கெடும். அப்படிப்பட்ட வேலை என்றால் இரவு மட்டும் ஹாலுக்கு மாறும்படி லேப்டாப்பும் ஹெட்செட்டும் இருக்கட்டும்.

ஹால் மூலையில் போடுவதானால் டிவி இருக்கும் சுவரிலேயே போடாதீர்கள். டிவி பார்க்கிற அத்தனை பேரின் பார்வையும் உங்கள் முதுகில் இருக்கும். எதிர்ச் சுவரிலும் வேண்டாம். பக்கவாட்டுச் சுவர்தான் தேவலை. சமையலறையை ஒட்டிய இடம் சத்தத்தால் தேறாது. அடைத்த பால்கனி பார்க்க அழகு, ஆனால் மேற்குப் பார்த்த பால்கனியில் மூன்று மணிக்கு மேல் உட்கார முடியாது. மொட்டை மாடி அறையும் அப்படியே. அக்னி நட்சத்திரத்தில் கான்கிரீட் கூரை இறக்கும் வெக்கை இரவு பத்து மணிக்கும் அடங்காது. கூரையில் வெள்ளை வெயில்தடுப்புப் பூச்சு அடித்தால் ஓரளவு தணியும்.

சுவரைத் தொட்டுப் பார்க்காமல் மேஜை போடாதீர்கள். குளியலறைச் சுவரின் பின்பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறும். அங்கே இருக்கும் ஸ்விட்ச் போர்டும், அதில் செருகியிருக்கும் அடாப்டரும் அந்த ஈரத்தில்தான் இருக்கும்.

பெரியவர்கள் கிழக்கோ வடக்கோ பார்த்து உட்காரச் சொன்னால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். திசை மாறுவதால் வேலைக்கு நஷ்டம் இல்லை. அவர்கள் மனதுக்குப் பிடித்த மேஜை என்றால் அதன்மேல் மடித்த துணியை அடுக்க மாட்டார்கள்.

படி 3: பேசி முடிப்பது

இந்த ஒரு படிதான் மற்ற எல்லாவற்றையும் தாங்குகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து மேஜை நாற்காலி வாங்கிய பிறகும் நிம்மதியாக ஒரு மணி நேரம் வேலை செய்ய முடியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம், வீட்டில் யாரிடமும் உட்கார்ந்து பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் இருக்கும்போது பேசுங்கள். "என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் அது மனதைத்தான் புண்படுத்தும். எந்த நேரம், எந்தச் சத்தம் என்று யாருக்கும் விளங்காது. குறிப்பாகக் கேளுங்கள், பதிலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "அத்தை, தினமும் பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் எனக்குப் பேசற வேலை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் மிக்ஸி வேண்டாம். சட்னியை நான் காலைலயே அரைச்சு வச்சிடறேன்." இப்படிக் கேட்டால் மறுக்கிறவர்கள் அபூர்வம். அந்த ஒரு மணி நேரம் போக மற்ற நேரத்தில் மிக்ஸி ஓடினால் முகத்தைச் சுளிக்காமல் இருப்பது உங்கள் பங்கு.

மத்தியானச் சீரியலை நிறுத்தச் சொல்லாதீர்கள். அது அவர்களுக்குக் கிடைக்கிற ஓய்வு. ஒரு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கி டிவியோடு இணைத்து, காதில் மாட்டி, அவர்களுக்கு ஏற்ற சத்தம் வைத்துக் காட்டுங்கள். காது கொஞ்சம் மந்தமான தாத்தாக்களுக்கு வசனம் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். பிறகு அவர்களே அதைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது, "வீட்டுலதானே இருக்கே" என்ற பேச்சு. சிலிண்டர் வரும், கூரியர் வரும், கரண்ட் கணக்கெடுக்க ஆள் வருவார், ஊரிலிருந்து சித்தப்பா சொல்லாமல் வருவார். வீட்டில் இருக்கிறவர் எதையுமே செய்ய மாட்டேன் என்றால் அது நியாயமாகாது. எதைச் செய்வீர்கள் என்று நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லிவிடுங்கள். உதாரணமாக, நாலு மணி வேனுக்குப் போய்ப் பிள்ளையை அழைத்து வருவது உங்கள் வேலை. பகலில் காலிங் பெல் அடித்தால் கதவைத் திறப்பது உங்கள் வேலை இல்லை. திடீரென்று வரும் உறவினருக்குப் பத்து நிமிஷம் எழுந்து வந்து "வாங்க" என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து, எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் மனக்குறை வராது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மகன் கதவைச் சாத்தினால் வீடே அடிமேல் அடி வைத்து நடக்கிறது. மருமகள் கதவைச் சாத்தினால் பத்து நிமிஷத்தில் "பெருங்காயம் எங்கம்மா வச்சே?" என்று கதவு தட்டப்படுகிறது. இருவரும் வீட்டிலிருந்து வேலை செய்தால், கதவுள்ள அறை யாருக்கு அன்று அதிக மீட்டிங் இருக்கிறதோ அவருக்கு. இந்த விதியை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். மனைவி உள்ளே இருக்கும் நாளில் அந்தக் கதவைக் காவல் காக்கும் பொறுப்பு வெளியே இருக்கும் கணவனுடையது. பெருங்காயம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தினமும் காலையில் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்ததும், அதன் பின்பக்கத்தில் அன்றைய மீட்டிங் நேரங்களைக் கொட்டை எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவிடுகிறேன். "10.30 – 11. 3 – 4." அவ்வளவுதான் இருக்கும். அம்மா அதைப் பார்த்துத்தான் குக்கர் வைக்கிறார். படிக்கத் தெரியாத குழந்தைக்குக் கதவுக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டு: துண்டு தொங்கினால் உள்ளே வரக்கூடாது. பேச்சு முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்கத் தொங்கினால் குழந்தை அதைச் சீக்கிரமே மதிக்காமல் போய்விடும்.

படி 4: மேஜை, நாற்காலி, திரை

நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, முழங்கையை நேர்கோணமாக மடியுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை டேப்பில் அளந்தால் கிடைப்பதே உங்கள் கீபோர்டு இருக்க வேண்டிய உயரம். ஐந்தடி இரண்டங்குலம் உள்ள ஒருவருக்கு இது 24, 25 அங்குலம் வரும். டைனிங் டேபிளோ 30 அங்குலம். தோள்பட்டை வலி எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். மேஜையை வெட்ட முடியாது என்றால் நாற்காலியை உயர்த்துங்கள். அந்தரத்தில் தொங்கும் பாதத்துக்குக் கீழே வீட்டில் இருக்கும் மணைப்பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேஜைப் பலகை நான்கடி நீளம், இரண்டடி அகலம் போதும். ஆசாரியிடம் சொல்லி 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில், சுவரில் மடக்கும் வகையாகச் செய்யச் சொன்னால் இரவில் அந்த இடம் வீட்டுக்குத் திரும்பக் கிடைக்கும்.

லேப்டாப்பின் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் ஒன்று கழுத்து குனிய வேண்டும், இல்லை கை உயர வேண்டும். தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பைப் பழைய தடித்த புத்தகங்களின் மேல் வையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், தூரம் ஒரு கை நீட்டும் அளவு. தரையில் சம்மணமிட்டு உட்காருவது பழக்கமானவர்கள், மளிகைக் கடைகளில் இருந்த கணக்குப்பிள்ளை மேஜை போல ஒரு சாய்வு மேஜையை வைத்துக்கொண்டு படிக்கிற வேலையை மட்டும் கீழே செய்யலாம். டைப் அடிக்க அது ஏற்றதல்ல.

நாற்காலியில் முதுகின் கீழ்ப்பகுதியைத் தாங்கும் வளைவு இருக்கிறதா, உயரம் மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். புதிய மலிவு நாற்காலியைவிட, காலி செய்யும் ஆபீஸ்களிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் நாற்காலி பல மடங்கு உழைக்கும். உயரத்தை மாற்றும் கேஸ் லிஃப்ட் இறங்காமல் நிற்கிறதா என்று ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

படி 5: வெளிச்சமும் வெக்கையும்

ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் மீட்டிங்கில் முகம் இருட்டாகத் தெரியும், திரையில் கூசும். எதிரில் இருந்தால் கண் சோர்ந்துவிடும். வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று வெளியூர்ப் புத்தகங்கள் சொல்வது நமக்குப் பொருந்தாது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. வடக்கு ஜன்னலுக்கும் திரைச்சீலை வேண்டும்.

சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) மின்விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும், சத்தமும் குறைவு. பகல் முழுக்க ஓடும் அறையில் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். ஏசி போடுவதென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 டன் ஏசிக்கு மணிக்குச் சுமார் ஒரு யூனிட் என்று வைத்தால், எட்டு மணி நேரம், மாதம் 22 நாள், இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் குறைந்த விகிதம் கிடைக்காது. ஆகவே அந்தக் கோட்டைத் தாண்டியது வீட்டு பில்லில் தெளிவாகத் தெரியும். மதியம் ஒன்று முதல் நாலு வரை மட்டும் 26 டிகிரியில் ஏசி, மற்ற நேரம் மின்விசிறி என்பது பல வீடுகளுக்குக் கட்டுப்படியாகும்.

படி 6: கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 2 வரையோ மாலை வரையோ நீளும். முந்தின நாள் நாளிதழில் வந்துவிடும். அதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் முக்கியமான மீட்டிங்கை அன்று வைக்காமல் தவிர்க்கலாம்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் தாள் கணக்குப்படி 1800 வாட் மணி இருக்கும். கையில் கிடைப்பது சுமார் 1100. லேப்டாப் 60, மானிட்டர் 25, பிஎல்டிசி மின்விசிறி 30, டியூப்லைட் 20 என்றால் மொத்தம் 135 வாட். எட்டு மணி நேரம் வரும். அதே இன்வெர்ட்டரில் ஹாலில் இரண்டு பழைய மின்விசிறியும் டிவியும் ஓடினால் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மின்தடை நாளில் ஹாலில் எது ஓடலாம் என்பதையும் படி 3-இல் பேசிவைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மின்விசிறியை நிறுத்தி உங்கள் மானிட்டரை ஓட்டாதீர்கள். மானிட்டரை அணைத்துவிட்டு லேப்டாப் பேட்டரியில் வேலை செய்யலாம்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கணத்தில் ரூட்டர் அணைந்து மறுபடி எழுவதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். அதற்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் என்ற சின்ன பேட்டரிப் பெட்டி கிடைக்கிறது. உங்கள் ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பெட்டி போடாதீர்கள். திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஸ்பைக் கார்டு ஒன்று போதும். அதற்கு முன் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத போர்டில் ஸ்பைக் கார்டால் பெரிய பயன் இல்லை.

படி 7: இணையம்

வீடியோ மீட்டிங் ஒன்றுக்கு நாலு எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் திக்குகிறது என்றால் குறை பெரும்பாலும் வீட்டுக்குள்தான். ரூட்டரை பீரோவுக்குப் பின்னாலும் டிவி அலமாரிக்குள்ளும் வைத்திருப்பார்கள். இரும்பு பீரோ, முகம் பார்க்கும் கண்ணாடி, கான்கிரீட் தூண் எல்லாம் சிக்னலை மறிக்கும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஒரு சுவர் தாண்டினாலே தளர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ஃபிளாட்டுகளின் வைஃபை எல்லாம் அதில் நெரியும்.

இதற்கெல்லாம் ஒரே தீர்வு கம்பிதான். கேட் 6 என்ற லேன் கேபிளை ரூட்டரிலிருந்து கதவுச் சட்டத்தை ஒட்டி மேஜை வரை இழுத்து கிளிப் அடித்துவிடுங்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போனால் கேட்ட நீளத்துக்கு வெட்டி, முனை போட்டே கொடுப்பார்கள். பிள்ளைகள் எத்தனை வீடியோ பார்த்தாலும் உங்கள் பேச்சு திக்குவது பெரிதும் குறைந்துவிடும். இணைப்பே போகும் நாளுக்காக, பிராட்பேண்ட் எந்தக் கம்பெனியோ அது அல்லாத வேறு கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

படி 8: சத்தம்

அறையை ஒலி புகாததாக்க ஒரு ஃபிளாட்டில் முடியாது, குறைக்கலாம். சத்தம் அதிகம் நுழைவது கதவுக்குக் கீழே உள்ள இடுக்கில். அங்கே ரப்பர் பட்டை ஒட்டுங்கள். துணி நிறைந்த அலமாரி, கனத்த திரைச்சீலை, புத்தக வரிசை எல்லாம் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். வாய்க்கு அருகே மைக் நீளும் ஹெட்செட் ஒன்றை வாங்குங்கள். மைக் வாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு குறைவாகக் குக்கர் விசில் எதிர்முனைக்குக் கேட்கும். ஆடி மாதம் அம்மன் கோவில் ஒலிபெருக்கிக்கு இதெல்லாம் போதாது. அந்த ஞாயிறுகளில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், கூழ் வாங்கப் போங்கள்.

படி 9: பிள்ளைகள்

பள்ளியிலிருந்து வந்த முதல் இருபது நிமிஷத்தை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் போன் கையில் இருக்கக்கூடாது. பேசி முடித்த குழந்தை அடுத்த ஒரு மணி நேரம் தானாக விளையாடும். பேசக் கிடைக்காத குழந்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கதவுக்கு வரும். மாலை ஆறு மணிக்கு மேல் அந்த மேஜை பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு என்று வைத்தால், பகலில் அதன்மேல் கை வைக்காத மரியாதை தானாக வரும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் ஜனவரி முதல் பொதுத்தேர்வு முடியும் வரை கதவுள்ள அறை அவர்களுக்கு. அந்த மாதங்களில் உங்கள் மீட்டிங்கெல்லாம் ஹால் மூலையில்.

படி 10: பணம் போக வேண்டிய வரிசை

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டாம். முதலில் ஹெட்செட், தனிக் கீபோர்டு, மவுஸ். பெரியவர்களுக்கான டிவி ஹெட்போனும் இதே மாதத்தில். அடுத்து லேன் கேபிளும் மினி யுபிஎஸும். மூன்றாவது நாற்காலி. நாலாவது மின்விசிறி. மானிட்டர் அதற்குப் பிறகு. மேஜையைக் கடைசியாக வையுங்கள், ஏனென்றால் மூன்று நான்கு மாதம் இருக்கும் மேஜையிலேயே வேலை செய்து பார்த்த பிறகுதான் எந்த மூலை நிலைக்கும், எந்த உயரம் ஒத்துவரும் என்று தெரியும். ஆசாரியை அப்போது கூப்பிட்டால் போதும்.